ஒன்பதாம் வகுப்புக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கலிஃபோர்னியாவில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்ததும், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வர ஆரம்பிக்கும். பாடப்பட்டியல், விருப்பப் படிவம், பெற்றோர் கூட்டம், கையெழுத்துக்குக் கடைசித் தேதி எல்லாம் சில வாரங்களுக்குள் வந்துவிடும். ஊரில் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான் என்று படித்து வளர்ந்த நமக்கு, பதினான்கு வயதுப் பிள்ளை பாடங்களைத் தானே பொறுக்கி எடுப்பது புது விஷயம். ஃப்ரீமான்ட், கூபர்டினோ, டப்ளின், சான் ரமோன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளைப் பற்றியவை.

எதைப் பார்த்துத் திட்டம் போடுவது? மாநிலம் ஒன்று சொல்கிறது, பள்ளி ஒன்று சொல்கிறது, யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இன்னொன்று சொல்கிறதே?

மூன்றும் தனித்தனியானவை. பாதிக் குழப்பம் இவற்றைக் கலந்து பார்ப்பதால்தான் வருகிறது.

மாநிலச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம். ஆங்கிலம் மூன்று ஆண்டு, கணக்கு இரண்டு ஆண்டு, அறிவியல் இரண்டு ஆண்டு, சமூக அறிவியல் மூன்று ஆண்டு, உடற்கல்வி இரண்டு ஆண்டு. இவற்றோடு கலை, வேற்று மொழி, தொழிற்கல்வி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று ஓர் ஆண்டு.

இதன்மேல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் பங்குக்குச் சேர்க்கும். ஆங்கிலத்தை நான்கு ஆண்டாக்குவார்கள், கணக்கை மூன்றாக்குவார்கள், சில இடங்களில் உடல்நலப் பாடமும் கட்டாயம். ஓர் ஆண்டுப் பாடத்துக்குப் பொதுவாகப் பத்து கிரெடிட், செமஸ்டருக்கு ஐந்து. பட்டம் பெற 220 கிரெடிட்டை ஒட்டிக் கேட்கும் மாவட்டங்கள் நிறைய.

மூன்றாவது, யூ.சி.யும் சி.எஸ்.யூ.வும் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) சேர்ந்து வைத்திருக்கும் ஏ-ஜி பட்டியல், அதாவது அங்கே சேர முடித்திருக்க வேண்டிய பாடங்கள். உயர்நிலைப் பள்ளிப் பட்டம் வாங்கியும் ஏ-ஜி முடிக்காமல் வெளியே வரும் பிள்ளைகள் உண்டு. இரண்டு ஆண்டுக் கணக்கோடு மாநிலத்தின் குறைந்தபட்சம் நிறைவேறிவிடும். ஆனால் யூ.சி.யின் வாசலுக்குப் போக அது போதாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாவட்டத்தின் பாடப்பட்டியலை இறக்கிப் படிப்பது. இதில் ஒரு சின்ன எச்சரிக்கை: ஃப்ரீமான்ட் நகரப் பள்ளிகள் ஃப்ரீமான்ட் யூனிஃபைட் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஃப்ரீமான்ட் யூனியன் என்ற மாவட்டம் கூபர்டினோ, சன்னிவேல் பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அடுத்த ஊரின் பட்டியலை எடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

ஏ-ஜி என்றால் சரியாக என்ன?

ஏழு பிரிவுகள், மொத்தம் பதினைந்து ஓராண்டுப் பாடங்கள். ஏ என்பது வரலாறு, இரண்டு ஆண்டு. பி ஆங்கிலம், நான்கு. சி கணக்கு, மூன்று. டி ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், இரண்டு. ஈ ஆங்கிலமல்லாத மொழி, இரண்டு. எஃப் கலை, ஒன்று. ஜி விருப்பப் பாடம், ஒன்று. கணக்கில் நான்காம் ஆண்டும், அறிவியலிலும் மொழியிலும் மூன்றாம் ஆண்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. யூ.சி.யின் நல்ல வளாகங்களை மனதில் வைத்திருப்பவர்கள் இந்தப் பரிந்துரையைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். டி வாங்கினால் பள்ளி கிரெடிட் கொடுக்கும், யூ.சி. ஏற்காது. யூ.சி.க்குப் பதினைந்தில் பதினொன்றைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பாடத்தின் பெயரைப் பார்த்து அது ஏ-ஜி என்று முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கும் யூ.சி. ஒப்புதல் பெற்ற பாடங்களின் பட்டியல் யூ.சி.யின் தளத்தில் இருக்கிறது. பள்ளியின் பெயரைப் போட்டால் வந்துவிடும். பாடப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் கல்லூரிக்குக் கணக்கில் வராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. யூ.சி. தன் ஜி.பி.ஏ.வை (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு கிரேடுகள் அந்த எண்ணில் சேராது.

ஆனால் அந்தப் பாடங்கள் ஏ-ஜி கணக்கில் சேரும், விண்ணப்பத்தில் எழுத வேண்டும், படிப்பவர்கள் பார்ப்பார்கள். தனியார் கல்லூரிகளுக்கும் வெளிமாநிலங்களுக்கும் நான்கு ஆண்டு டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் கிரேடுகளும் உள்ள பட்டியல்) முழுதாகப் போகும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவில் தடுமாறிய பிள்ளை பத்தாம் வகுப்பில் அந்தத் தடுமாற்றத்தின் மேல்தான் அடுத்த பாடத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஊரில் பத்திலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு இருக்கிறது. ஆண்டு முழுக்க அசட்டையாக இருந்துவிட்டுக் கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்து மதிப்பெண் எடுத்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். இங்கே அந்த வழியே கிடையாது. கலிஃபோர்னியாவில் பட்டம் பெறுவதற்கு இருந்த மாநிலத் தேர்வையும் 2017இல் நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். யூ.சி. சேர்க்கையில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வைப் பார்ப்பதும் நின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது ஒவ்வொரு செமஸ்டரின் கிரேடுதான். செவ்வாய்க்கிழமை கொடுக்காமல் விட்ட வீட்டுப்பாடம்கூட அதில் போய்ச் சேரும். அப்பா அம்மா இதைப் பிள்ளையிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது, ஆகஸ்டுக்கு முன்பே.

பொதுவாக ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன எடுப்பார்கள்?

ஆறு பீரியட் உள்ள பள்ளியில்: ஆங்கிலம் 9, கணக்கு, உயிரியல், வேற்று மொழி, உடற்கல்வி, ஆறாவதாக ஒரு விருப்பப் பாடம். உயிரியல் பல பள்ளிகளில் 'லிவிங் எர்த்' என்ற பெயரில் இருக்கும். சில பள்ளிகள் இயற்பியலில் தொடங்குகின்றன. உலக வரலாறு பெரும்பாலும் பத்தாம் வகுப்பில், அமெரிக்க வரலாறு பதினொன்றில், அரசியலும் பொருளாதாரமும் பன்னிரண்டில் ஆளுக்கொரு செமஸ்டர்.

ஆக, பெற்றோரும் பிள்ளையும் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது மூன்றே மூன்று: எந்தக் கணக்கு, எந்த மொழி, ஆறாவது பாடம் எது. கூட்டங்களில் இரண்டு மணி நேரம் பேசப்படுகிற மற்றதெல்லாம் ஏறக்குறைய ஏற்கெனவே முடிவானவை. கணக்கும் மொழியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து போகிற பாடங்கள். ஒன்பதாம் வகுப்பில் எங்கே தொடங்குகிறோமோ அதுவே பன்னிரண்டில் எங்கே முடிக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மீதிப் பாடங்களைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் உங்கள் கவனத்தை இந்த இரண்டில் வையுங்கள்.

கணக்கில் எங்கே தொடங்க வேண்டும்?

மரபான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். சில மாவட்டங்கள் முதல் மூன்றையும் கலந்து இன்டக்ரேட்டட் மேத் 1, 2, 3 என்று நடத்துகின்றன. நம் ஊர்ப் பாடப்புத்தகம் போல ஒரே ஆண்டில் இயற்கணிதமும் வடிவியலும் இரண்டும் வரும். யூ.சி.க்கு இரண்டும் சமம்.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை ஒன்பதில் ஜியோமெட்ரிக்குப் போய், பன்னிரண்டில் கால்குலஸைத் தொடும். நடுநிலைப் பள்ளியில் எடுத்த அந்த அல்ஜீப்ரா ஏ-ஜி கணக்கில் சேரும். ஆனாலும் உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு ஆண்டு கணக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலம் சொல்கிறது. 'முன்னாலேயே முடித்துவிட்டோம்' என்று விட முடியாது.

மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒன்பதில்தான் என்று வைத்தது. பெற்றோர் எதிர்ப்பு பத்தாண்டு ஓயவில்லை. 2024 மார்ச்சில் நகர மக்கள் பெருவாரியாக வாக்களித்து, அதைத் திரும்பக் கொண்டுவரும்படி மாவட்டத்தைக் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். இரண்டு ஊர்களின் ஏற்பாடே வேறாக இருக்கலாம்.

பிள்ளையை இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால், உங்கள் பக்கம் ஒரு சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா 2015இல் கணக்கு வகுப்பு ஒதுக்கீட்டுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எந்த அடிப்படையில் எந்தக் கணக்கில் போடுகிறோம் என்பதை மாவட்டம் எழுத்தில் வெளியிட வேண்டும். அது ஆசிரியரின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பாமல், தேர்வு, கிரேடு போன்ற பல அளவுகளைப் பார்க்க வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒதுக்கீடு சரியா என்று ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். பெற்றோர் கேள்வி கேட்க வழியும் இருக்க வேண்டும். மாவட்டத்தின் இணையதளத்தில் அந்தக் கொள்கையைத் தேடிப் படித்துவிட்டு, அதன் வாசகத்தையே மேற்கோள் காட்டி மின்னஞ்சல் எழுதுங்கள். கோபமாகப் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

ஒன்பதில் அல்ஜீப்ரா 1 என்றால் கால்குலஸ் கிடைக்காதா? கோடையில் ஜியோமெட்ரி முடித்துவிடலாமா?

முதலில், யூ.சி. யாரிடமும் கால்குலஸ் கேட்பதில்லை. அல்ஜீப்ரா 2 வரையிலான மூன்று ஆண்டு போதும். கலை, மொழி, உளவியல், சமூகவியல் பக்கம் போகிற பிள்ளைக்கு ப்ரீகால்குலஸோடு முடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. பொறியியல், கணினி, இயற்பியல் என்றால் கதை வேறு. அங்கே போட்டியிடுகிற பெரும்பாலோர் கால்குலஸோடு வருவார்கள்.

அதற்கு வழிகள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் ஒரே ஆண்டில் எடுக்கலாம். சில பள்ளிகளில் அல்ஜீப்ரா 2-ஐயும் ப்ரீகால்குலஸையும் சுருக்கிச் சேர்த்த வகுப்பு இருக்கிறது. கோடையில் ஜியோமெட்ரி எடுப்பது மூன்றாவது வழி. நம்மவர்கள் முதலில் ஓடிப்போய்ப் பிடிப்பது இந்த மூன்றாவதைத்தான். என் கருத்தில் அதுதான் மிகப் பலவீனமானது. ஓராண்டில் ஊறி வர வேண்டிய நிரூபணங்களை ஆறு வாரத்தில் விழுங்கிய பிள்ளைக்கு 'ஏ' வரலாம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படி வருவிக்கிறோம் என்ற பழக்கம் படிவதற்கு நேரம் இருந்திருக்காது. பத்தாம் வகுப்பில் இரண்டையும் சேர்த்து எடுப்பது சுமைதான். ஆனால் அது முழு ஆண்டுப் படிப்பு, பள்ளியின் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார். அதோடு, ஒன்பதாம் வகுப்பு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கோடைதான் என்று முடிவு செய்தால், வெளி நிறுவனத்தில் எடுக்கும் பாடத்தை ஏற்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். பல மாவட்டங்கள் முன் அனுமதி இல்லாமல் ஏற்பதில்லை.

டேட்டா சயின்ஸ் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நல்ல பாடம். ஆனால் அல்ஜீப்ரா 2-க்குப் பதிலாக யூ.சி. அதை ஏற்பதில்லை. அல்ஜீப்ரா 2 முடித்த பிறகு எடுங்கள்.

மொழிக்கு எல்லோரும் ஸ்பானிஷ் எடுக்கிறார்கள். தமிழை எடுக்க முடியாதா?

முடியும், முன்கூட்டியே வேலை செய்தால். கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற தமிழ்ப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளுக்கு மொழிக் கிரெடிட் தருகிற மாவட்டங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பல உண்டு. சனி, ஞாயிறு காலைகளில் ஆண்டுக்கணக்கில் பிள்ளையைக் கூட்டிப்போய் விட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு இது கிடைக்க வேண்டிய நியாயமான பலன்.

உங்கள் பிள்ளையின் விஷயத்தில் மூன்று கேள்விகளுக்குத் தெளிவான பதில் வேண்டும். உங்கள் மாவட்டம் அந்தத் தமிழ்ப் பள்ளியை ஏற்கிறதா? எந்த நிலையிலிருந்து கிரெடிட் தருகிறது? அந்த கிரெடிட் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் எப்படிப் பதிவாகும், யூ.சி. விண்ணப்பத்தில் ஈ பிரிவில் காட்ட முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்க மறப்பவர்கள் அதிகம். பள்ளி பட்டத்துக்கு ஏற்பதும், யூ.சி. ஏ-ஜிக்கு ஏற்பதும் ஒன்றல்ல.

தமிழில் ஈ பிரிவு நிறைவானால் பள்ளி நேரத்தில் ஒரு பீரியட் மிச்சமாகும். இசைக்குழுவோ கணினியோ இரண்டாவது கலையோ எதையாவது எடுக்கலாம். ஆனால் ஸ்பானிஷ் மேல் உண்மையிலேயே ஆசை இருக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். தமிழையும் விடாமல் அதையும் கற்கலாம். ஏ.பி. (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) தேர்வு தமிழுக்கு இல்லை, ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜப்பான் மொழிகளுக்கு உண்டு. அதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை.

இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு பட்டயத்தில் ஒட்டப்படும் இருமொழி முத்திரை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிஃபோர்னியா. தமிழிலும் அதைப் பெறலாம். அதற்கான தேவைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டில் கேட்டால் நேரம் போதாமல் போகலாம்.

எந்த மொழியானாலும் ஒரே மொழியில் இரண்டு ஆண்டு என்பது விதி. ஸ்பானிஷில் ஓர் ஆண்டு, பிரெஞ்சில் ஓர் ஆண்டு என்று கூட்டிக் காட்ட முடியாது.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஏ.பி., ஆனர்ஸ் (வழக்கமானதைவிடக் கடினமான வகுப்பு) எடுக்க வேண்டுமா?

யூ.சி. கணக்கில் ஒன்பதாம் வகுப்பின் ஆனர்ஸுக்கோ ஏ.பி.க்கோ கூடுதல் புள்ளி கிடையாது. கூடுதல் புள்ளி பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களுக்கு மட்டும். அதுவும் அதிகபட்சம் எட்டு செமஸ்டருக்கு, அதில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கூடாது. இன்னொரு விவரம் பலருக்குத் தெரியாது: யூ.சி. பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. ஏ மைனஸும் ஏதான், பி பிளஸும் பிதான்.

ஆகவே புள்ளிக்காக எடுக்க வேண்டிய தேவை இல்லை. பிடித்திருக்கிறது, நன்றாகச் செய்ய முடியும், பத்தாம் வகுப்பின் கடினமான பாடத்துக்கு இது அடிப்படை என்றால் எடுக்கலாம். ஏ.பி. ஹியூமன் ஜியாக்ரஃபி, ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் ஆகியவை சில பள்ளிகளில் ஒன்பதிலேயே கிடைக்கும். நம் சமூகத்தில் 'அவள் எத்தனை ஏ.பி. எடுத்திருக்கிறாள்' என்ற கேள்வி விருந்துகளில் கேட்கப்படுவதைப் பார்த்து மனம் கஷ்டப்படுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். தயவுசெய்து அதை நிறுத்துவோம். புதிய பள்ளி, புதிய நண்பர்கள், இரண்டு மடங்கு வீட்டுப்பாடம் என்று அந்த ஆண்டில் பழக வேண்டியது ஏராளம். ஒரு பாடத்தில் சவால் இருக்கட்டும், மற்றவை சாதாரணமாக இருக்கட்டும்.

மகள் ஏழு வருடமாகப் பரதம் ஆடுகிறாள். அது கலைப் பிரிவுக்கு ஆகுமா?

தனியார் வகுப்பாக இருந்தால் ஆகாது. பரதம், கர்நாடக இசை, வயலின், மிருதங்கம் எதுவானாலும், யூ.சி. ஒப்புதல் பெற்ற பாடமாக டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால்தான் எஃப் பிரிவில் சேரும். எனவே பள்ளியில் ஓராண்டுக் கலைப் பாடம் ஒன்று எடுத்தே ஆக வேண்டும். அதற்காக அரங்கேற்றத்தை அவசரப்படுத்தவோ வகுப்பை நிறுத்தவோ வேண்டாம். யூ.சி. விண்ணப்பத்தில் செயல்பாடுகள், விருதுகளுக்கு இருபது இடங்கள் வரை இருக்கின்றன. பல ஆண்டு ஒரே கலையில் நிலைத்திருந்ததை அங்கே விவரமாக எழுதலாம்.

பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் ஒன்பதிலேயே சேருவது நல்லது. பின்னால் நுழைவது கடினம். மற்றக் கலைகளை எந்த ஆண்டிலும் எடுக்கலாம்.

உடற்கல்வியைத் தவிர்க்க முடியுமா?

இரண்டு ஆண்டு மாநில விதி. ஒன்பதாம் வகுப்பில் நடக்கும் உடற்தகுதித் தேர்வில் தேறினால் பின்னால் விலக்கு கேட்க வழி உண்டு. பள்ளி விளையாட்டு அணிக்கோ அணிவகுப்பு இசைக்குழுவுக்கோ உடற்கல்விக் கிரெடிட் தரும் மாவட்டங்களும் இருக்கின்றன. பொதுவாக ஒன்பதில் எடுத்து முடிப்பதே எளிது. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் தேவையும்கூட.

ஜீரோ பீரியடில் (காலையில் வழக்கமான வகுப்புகளுக்கு முந்தைய பீரியட்) கூடுதலாக ஒரு பாடம் போடலாமா?

கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பதின்வயதினருக்குத் தூக்கம் போதவில்லை என்பதற்காகக் கொண்டுவந்த சட்டம். ஜீரோ பீரியடுக்கு அது பொருந்தாது. இசைக்குழுவும் அறிவியலும் மோதுகின்றன, வேறு வழியே இல்லை என்றால் எடுக்கலாம். சும்மா ஒரு பாடம் கூட இருக்கட்டுமே என்று ஒன்பதாம் வகுப்பில் எடுக்க வேண்டாம்.

சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுப்பது நல்லதா?

டி ஆன்சா, ஓலோனி, லாஸ் பொசிடாஸ், ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பகுதிநேரமாகச் சேரலாம். பாடக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும், புத்தகச் செலவும் சில சிறு கட்டணங்களும் இருக்கும். ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம் யூ.சி. கணக்கில் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். யூ.சி.க்கு மாற்றத்தக்க பாடமாக இருந்தால் கூடுதல் புள்ளியும் உண்டு, மேலே சொன்ன வரம்புக்குள்.

ஆனால் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் நிரந்தரமானது. அங்கே வாங்கும் டி, பின்னால் மருத்துவப் படிப்புக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும். பேராசிரியர் பெற்றோரிடம் பேசவும் மாட்டார், சட்டப்படி பேசக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில், பிடித்த பாடம் ஒன்றில் தொடங்கினால் போதும்.

ஒரு பாடத்தில் டி அல்லது எஃப் கிரேடு வந்துவிட்டால்?

உலகம் முடிந்துவிடவில்லை. கணக்கிலும் மொழியிலும் ஒரு சலுகை இருக்கிறது: அடுத்த நிலையில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் கீழ்நிலைக் குறை ஏ-ஜி கணக்கில் சரியாகிவிடும். அல்ஜீப்ரா 1-இல் டி வாங்கிய பிள்ளை அல்ஜீப்ரா 2-இல் சி வாங்கினால் யூ.சி. முதலாவதையும் ஏற்கும். ஆங்கிலம், வரலாறு போன்றவற்றில் இந்தச் சலுகை கிடையாது, திரும்ப எடுக்க வேண்டும். டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் புதிய கிரேடு கணக்கில் வரும். சி வாங்கியதைத் திரும்ப எடுத்து ஏ ஆக்க முடியாது, யூ.சி. அதைப் பார்க்காது.

முதல் செமஸ்டரில் கிரேடு சரிகிறது என்றால் டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். அக்டோபரில் இடைக்கால அறிக்கை வந்ததும் பிள்ளையே ஆசிரியரிடம் போய்ப் பேசட்டும். நீங்கள் எழுதுவது இரண்டாவது படி.

ஊரிலிருந்து நேராக ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறான். என்ன கவனிக்க வேண்டும்?

ஏழு, எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை, பாடவாரியாக, பள்ளி முத்திரையோடு கொண்டுவாருங்கள். மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது, அதில் பாடங்கள் இருக்காது. முடிந்தால் கணக்குப் பாடத்திட்டத்தின் உள்ளடக்கப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். இங்குள்ள கவுன்சலருக்கு (பள்ளியின் பாட ஆலோசகர்) நம் எட்டாம் வகுப்புக் கணக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒதுக்கீட்டுத் தேர்வு வைத்தால், பிள்ளை தடுமாறுவது கணக்கில் அல்ல, அங்குலம், அடி, பவுண்ட் அளவுகளிலும், வரைபடக் கேள்வியின் ஆங்கிலத்திலும்தான். முந்தைய வாரம் அவற்றை ஒருமுறை பார்க்க வையுங்கள்.

வீட்டு மொழி தமிழ் என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதினால் ஆங்கிலத் தேர்வு ஒன்று இருக்கும். அதில் குறைந்தால் ஆங்கில வளர்ச்சி வகுப்பு ஒன்று சேர்க்கப்படும், ஒரு பீரியட் அதற்குப் போகும். யூ.சி. ஆங்கிலத்தின் நான்கு ஆண்டில் அந்த வகையில் அதிகபட்சம் ஓர் ஆண்டைத்தான் ஏற்கும். எனவே எப்போது வழக்கமான ஆங்கில வகுப்புக்கு மாறலாம் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முதல் இரண்டு ஆண்டு படித்திருந்தால், அந்தச் சான்றைக் கொண்டே யூ.சி.யின் மொழித் தேவையை நிறைவு செய்ய வழி இருக்கிறது. ஆங்கிலவழியில் தமிழை ஒரு பாடமாகப் படித்திருந்தால் கவுன்சலரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

டாலஸில் இருக்கும் நண்பர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ரேங்க் முக்கியம் என்கிறாரே?

அவருக்கு அது சரி. டெக்சாஸில் வகுப்பு ரேங்க் வைத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் தானியங்கிச் சேர்க்கை உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். அங்கே ஒன்பதாம் வகுப்பின் கிரேடும் அந்த ரேங்கில் சேரும். பட்டத்துக்கு 22 கிரெடிட், துறைச் சிறப்புடன் 26 என்று எண்ணும் முறையும் வேறு. இங்கே அவருடைய அறிவுரை பொருந்தாது, உங்களுடையது அங்கே பொருந்தாது.

புதிதாக வரும் கட்டாயப் பாடங்கள் என்னென்ன?

தனிநபர் நிதி. 2024இல் இயற்றிய சட்டப்படி, 2031இல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து ஒரு செமஸ்டர் கட்டாயம். அதாவது 2027 இலையுதிர்காலத்தில் ஒன்பதில் சேர்பவர்கள் முதல். எத்னிக் ஸ்டடீஸுக்கும் (இனக்குழுக்களின் வரலாறும் பண்பாடும் பற்றிய பாடம்) 2021இல் சட்டம் வந்தது. மாநிலம் நிதி ஒதுக்கினால்தான் அது கட்டாயமாகும் என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தாங்களாகவே கட்டாயமாக்கிய மாவட்டங்களும் உண்டு, அவற்றில் சில ஒன்பதாம் வகுப்பில் வைத்திருக்கின்றன.

பிள்ளைக்கு ஐ.ஈ.பி. அல்லது 504 திட்டம் (தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித் தருபவை) இருக்கிறது. தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம். எட்டாம் வகுப்பு வசந்த காலத்திலேயே, உயர்நிலைப் பள்ளி ஆள் ஒருவரும் உட்காரும் கூட்டம் கேளுங்கள். தனி உதவி வகுப்பு ஒரு பீரியடை எடுத்துக்கொண்டால் மொழியோ கலையோ எந்த ஆண்டுக்குத் தள்ளப்படும், அதற்குப் பிறகும் ஏ-ஜி முடியுமா என்று நான்கு ஆண்டுக்கும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நம் சமூகத்தில் இதை வெளியே சொல்லத் தயங்கி, கிடைக்கிற உதவியையும் கேட்காமல் விடுகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, இது பிள்ளையின் சட்ட உரிமை.

எல்லாம் சரியாகப் போகாவிட்டால் யூ.சி. கனவை விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் யூ.சி.க்கு மாறும் வழி நன்றாகத் திறந்திருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் குறிப்பிட்ட பாடங்களும் ஜி.பி.ஏ.வும் இருந்தால் இடத்தை உறுதி செய்தே தருகின்றன. துறையைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அந்த உறுதியைத் தராவிட்டாலும், மாறிவரும் மாணவர்களை ஆண்டுதோறும் ஏராளமாகச் சேர்க்கின்றன. அந்த வழியில் போகிற பிள்ளையிடம் ஏ-ஜியை யாரும் கேட்பதில்லை.

கவுன்சலரைப் பார்க்கும்போது என்ன கேட்பது?

அவரிடம் பல நூறு பிள்ளைகள் இருப்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். ஆகவே வெறும் கையோடு போகாதீர்கள். நான்கு ஆண்டுக் கட்டம் ஒன்றைப் பென்சிலில் வரைந்து, கணக்கையும் மொழியையும் முதலில் நிரப்பி, மீதியைப் பிள்ளையே நிரப்பட்டும். அதைக் காட்டிக் கேளுங்கள்: இதில் எந்த ஏ-ஜி விட்டுப்போயிருக்கிறது? எந்தப் பாடத்துக்கு இடம் கிடைப்பது சிரமம்? முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவது எது? பாடத்தை மாற்றக் கடைசித் தேதி எது?

கடைசிக் கேள்வியின் பதிலை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். பள்ளி தொடங்கி முதல் சில வாரங்களுக்குள்தான் பெரும்பாலும் மாற்ற விடுவார்கள். கூட்டத்தில் பிள்ளை பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும், பேசியதைச் சுருக்கி அன்றே கவுன்சலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் கால அட்டவணை வேறு மாதிரி வந்தால், காட்டுவதற்கு அது கையில் இருக்கும்.